எல்க் சீட்டில் மூன்று கோடு

அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் டால்டனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அடுப்பில் பீன்ஸ் அடிபிடித்துவிட்டது, எழுந்து போய்ச் சுரண்டிவிட்டு வந்தேன். ஒரு வாரமாக இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்பது மறந்துபோகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் கடைசி அறையில் இருக்கிற அப்பாவுக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் முதல்முறையாக எல்க் மான் வேட்டை திறக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை தொடங்கி ஒரே வாரம். பத்து வருஷம் முன்பு லாரி லாரியாகக் கொண்டுவந்து ஆற்றோரத்தில் இறக்கினார்களே, நீ பள்ளிக்கூடத்துக்கும் அப்பா வேலைக்கும் மட்டம் போட்டுவிட்டுப் பார்க்கப் போனீர்களே, அந்த எழுபதும் பெருகி இப்போது முன்னூறாம். நம் ஆட்கள் ஒரு காலத்தில் ஒன்று விடாமல் சுட்டுத் தீர்த்த மான் ஜாதி. மறுபடி சுட இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண் எல்க், சுடுவதற்கு ஆறு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். நாலாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் விழுந்த ஆறு பேரில் ஒருத்தி உன் அம்மா.

சிரிக்காதே. வேட்டைக்கு ஆசைப்பட்டு நான் பெயர் கொடுக்கவில்லை. சர்ச்சில் வில்மாவும் நானும் ரகசியமாகப் பேசி வைத்துச் செய்த வேலை இது. நம்மில் யாருக்காவது விழுந்தால் சீட்டை மாவு டப்பாவுக்கு அடியில் போட்டு மூடிவிடுவது, ஒரு எல்க்காவது பிழைக்கட்டும் என்று நினைத்தோம். எனக்கு மனசில் இருந்தது மூப்பர்தான்.

மூப்பரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். குதிரை உயரம், கொம்பு மட்டும் ஒரு கதவு அகலம். நம் சர்ச் மூப்பர் ஆராதனைக்குத் தாமதமாக வந்து முதல் வரிசையில் போய் நிற்பாரே, அதே மாதிரி மந்தை மேய்ந்து முடிக்கிற நேரத்துக்கு வந்து நட்டநடுவில் நிற்பார். போன வருஷம் என் பீன்ஸ் கொடி முழுவதையும் தின்றார். துணி காயப்போடுகிற கம்பியை அறுத்து, என் பூப்போட்ட படுக்கை விரிப்பைக் கொம்பில் மாட்டிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார். நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் இந்த மாசத்தில் ஜோடியைக் கூப்பிட்டு அவர் சீழ்க்கையடிக்கிற சத்தம் ஒரு நாள் கேட்காவிட்டால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

வனவிலங்கு ஆபீஸிலிருந்து வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது போனை எடுத்தது அப்பா. அவரும் பெயர் கொடுத்திருந்தார், என்னிடம் மூச்சு விடவில்லை. தனக்குத்தான் விழுந்தது என்று நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் போனை என் கையில் கொடுத்து, "உனக்குத்தானாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. மேலவீட்டு கிளெட்டஸ் தினம் இரண்டு தடவை வருகிறான். ரீபாக்கா, நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, துப்பாக்கிய நான் பிடிச்சுக்கிறேன், யாருக்குத் தெரியப்போகுது என்கிறான். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சுட வேண்டும், மாறினால் ஜெயில் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது மான் தொடையில் எந்தப் பாகம் தனக்கு என்பதையும் சொல்லிவிட்டுப் போனான், வெட்கம் கெட்டவன்.

அப்பா உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆக்சிஜன் மெஷினை டாக்டர் இரண்டிலிருந்து நாலுக்கு ஏற்றியிருக்கிறார். குழாய் பின்வாசல் படி வரைக்கும் எட்டும், அதுவரைக்கும் போவார். வெளியே போக ஒரு சின்ன சிலிண்டர் கொடுத்திருக்கிறார்கள், அது மூன்று மணி நேரம் வரும். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். வேறு விசேஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மனசு தாங்காமல் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சீட்டை வீணாக்கத்தான் பெயர் கொடுத்தேன், மூப்பர் மேல் எவன் குண்டும் படக் கூடாது என்றேன். கத்துவார் என்று பார்த்தால், சோள ரொட்டியைப் பிட்டு பீன்ஸில் தோய்த்துக்கொண்டே இருந்தார். ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"சுடுறதும் சுடாததும் உன் இஷ்டம் ரீபா. சீட்டு இருந்தா அந்தக் கேட்டைத் திறப்பான்ல? எனக்கு அது போதும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிலக்கரிச் சுரங்கம் மூடி ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கம்பெனிக்காரன் மலைமேட்டுக் கேட்டைப் பூட்டியவன்தான், உள்ளூர் ஆள் ஒருத்தரையும் விடுவதில்லை. எல்க் சீட்டு உள்ளவருக்கும் கூட வருகிறவர்களுக்கும் மட்டும் அந்த ஒரு வாரம் திறப்பார்களாம். பத்தொன்பது வருஷம் அந்த மலையை புல்டோசரில் சீவித் தள்ளியவர் உன் அப்பா. கடைசி வாரம் புல் விதை தூவச் சொன்னார்கள், தூவிவிட்டு இறங்கி வந்தார். அது முளைத்ததா என்று அவர் கண்ணால் பார்க்கவில்லை. எல்க் எல்லாம் அங்கேதான் மேய்கிறது என்று ஊரே சொல்கிறது.

நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு மறக்கவில்லை மகனே. நாலு வருஷம் ஆகிறது. நன்றி சொல்லும் திருநாளன்று வான்கோழியை மேஜையில் வைத்துக்கொண்டு, "மலையைத் தின்னீங்க, இப்ப அது உங்க நெஞ்சைத் தின்னுது" என்றாய். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புல்டோசர்தான் உனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியது, நீ ஓட்டிக்கொண்டு போன வண்டியை வாங்கிக் கொடுத்தது. நீ டெக்சாஸில் காற்றாலைக் கம்பம் நட்டு நல்லாயிரு, சந்தோஷம். அவர் அன்றிலிருந்து உன் பெயரை வாயால் சொல்லவில்லை. "அவன் லெட்டர் வந்ததா" என்றுதான் கேட்பார். வராத நாளிலும் கேட்பார்.

மறுபடி எழுந்துவிட்டேன். வெளியே மூப்பர் சத்தம் போடுகிறார். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அக்டோபர் 3, வியாழக்கிழமை காலை

நேற்று வேடிக்கைக்காக என் அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்து, வேலி மேல் டப்பா வைத்து ஐந்து தடவை சுட்டுப் பார்த்தேன். ஐந்தும் விழுந்தது. உன் அப்பா படியில் உட்கார்ந்து சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால்மணி நேரம் ஆனது. மூப்பர் எதிரே வந்து நின்றால் நான் சுடுவேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. சுட்டால் அது எண்ணூறு பவுண்டு மிருகம், துண்டு போட்டு முதுகில் சுமந்து வண்டி வரைக்கும் கொண்டுவர வேண்டும். சுடாவிட்டாலும் உன் அப்பாவை அந்த மேட்டில் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் என் தோள் போதாது.

சீட்டோடு ஒரு படிவம் வந்திருக்கிறது. கூட வருகிறவர்கள் பெயர் எழுத மூன்று கோடு. நாளைக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். முதல் கோட்டில் அப்பா பெயரை எழுதினேன். மற்ற இரண்டையும் வெறுமனே விட்டு, உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நேற்றுச் சாயங்காலம் சமையல் மேஜை மேல் வைத்துவிட்டேன்.

இன்று காலையில் காப்பி போட வந்தபோது இரண்டாவது கோடு நிரம்பியிருந்தது. டால்டன் ஆர்வில் மலின்ஸ். நடுவில் தன் பெயரையும் விடாமல், அப்பாதான் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறார். மூன்றாவது கோட்டை கிளெட்டஸ் நுழைந்துவிடாதபடி அடித்தும் விட்டார். காப்பியை அவர் பக்கத்தில் வைத்தேன், ஜன்னலைப் பார்த்தபடி குடித்தார்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டில் ஒவ்வொரு பெயராகப் படித்துக் கூப்பிடுவார்களாம். கனமான பூட்ஸும் வேட்டைக்காரர் போடுகிற ஆரஞ்சுச் சட்டையும் கொண்டு வா. சுமை கட்டக் கயிறு இங்கே இருக்கிறது. கர்த்தர் உன் பாதையைக் காக்கட்டும், வண்டியை மெதுவாக ஓட்டு. லீவு கிடைக்கவில்லை, தூரம் அதிகம் என்று எதையும் எனக்கு எழுதாதே. அங்கே உன் பெயரைக் கூப்பிடும்போது, அவர் காதில் விழுகிற மாதிரி நீ "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

எப்போதும் உன்னை நினைக்கிற
அம்மா
ரீபா மலின்ஸ்