சேவு டப்பா மேல்தட்டில்

மாரிசெல்வி பட்டாசு லேபிள் தாளின் வெற்றுப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். அவள் வேலை பார்க்கும் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் சீசன் வேலை. திருத்தங்கல் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

கணவன் சங்கிலிமுத்து அவளோடு பேசி எட்டு நாளாயிற்று. மூன்று வயது மகள் தனுஜாவை அவள் டாக்டரிடம் காட்டிவந்ததில் அவனுக்குக் கோபம். "எம் பிள்ளைக்குக் கொறைன்னு எழுதி வாங்கவா போன?" என்று கத்தியதுதான் கடைசிப் பேச்சு. எதையும் கேட்டு அழாத பிள்ளை என்று தெருவே மெச்சியது, மாரிசெல்வியும்தான் மெச்சினாள். பால்வாடி டீச்சர்தான், "இது அடக்கம் இல்லக்கா, வேணுங்கிறதக் காட்டத் தெரியல," என்று டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

"சோறு சட்டியில இருக்கு, ரசத்தைச் சுட வச்சுக்கிடுங்க. மூணரைக்குப் பாப்பாவைக் கூட்டியாந்துருங்க. சேவு டப்பா மேல்தட்டுல இருக்கு. நீங்களா எடுத்துக் குடுத்துராதீக. காலையில அவ விரலை நீட்டி டப்பாவைக் காட்டுனா! காட்டிட்டு என் மூஞ்சியைத் திரும்பிப் பாத்தா. டாக்டரம்மா பழக்கச் சொன்னது இதத்தான். மூணு தடவ செஞ்சா. நான் ஜெயிச்சிட்டேன்."

கடைசி வரியை அடித்துவிட்டு, "பாப்பா ஜெயிச்சிட்டா" என்று எழுதினாள்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் பொடி எழுத்தில் இடுக்கினாள்:

"அவசரப்படாம அவ எதுக்க உக்காருங்க. மொதல்ல விரல் வரும், அப்புறம் கண்ணு உங்களைத் தேடி வரும். வந்ததும் எனக்குப் போன் போடுங்க. இந்த வீட்டுல வேணுங்கிறதச் சொல்லாம இருக்கிறது இனிமே நீங்க ஒருத்தருதான்."