ஏழாம் வீட்டில் யாரும் சாகவில்லை

இன்று காலை டேப் ரெக்கார்டரில் அந்த நாடாவைப் போட்டேன். முதலில் கொஞ்சம் இரைச்சல், பிறகு தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு கீச்சு. அதை நாலு நிமிடம் பொறுத்தால்தான் நீ எழுதிய விளையாட்டு டிவியில் வரும். அந்த நாலு நிமிடமும் நீ காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாய். இன்று நான் தனியாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது உன்னிடம் நான் குரலை உயர்த்தியது ஒரே ஒரு தடவை. அதையும் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆகவே இப்போது வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து உனக்குத் தெரியும்.

நீ கோலா கெத்தில் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, கணக்கும் கடிதமும் உன் கையில். நான் அலோர் ஸ்டாரில் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிறவன். எண்பத்து நாலில் நீ பினாங்குக்குப் போய் யாரோ பயன்படுத்திய ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தாய். பார்த்தால் தட்டச்சுப் பொறியின் மேல்பாதி மாதிரி இருக்கும். அதை டிவியோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைத்து, ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து நீயாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, மூன்று மாதத்தில் தோட்டத்து வரிசை வீடுகள் மாதிரி ஒரு லயத்தை விளையாட்டாக உண்டாக்கி நாடாவில் பதிந்துவிட்டாய். பத்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம். நாம் ஆளுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். விடிந்தால் யாரைப் பால்மரம் வெட்ட அனுப்புவது, யாரைப் பள்ளிக்கு அனுப்புவது, அரிசி எவ்வளவு, மருந்து யாருக்கு என்று விசையைத் தட்டிச் சொல்ல வேண்டும். பிறகு இயந்திரம் தன் இஷ்டத்துக்கு மழையை அனுப்பும், காய்ச்சலை அனுப்பும், சாவையும் அனுப்பும். படம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. தமிழ் எழுத்து அதற்கு வராது என்று எல்லாவற்றையும் மலாயில் எழுதியிருந்தாய்.

"இதுக்கு வேலை வாங்குற மண்டோரும் தெரியாது, மேனேஜரும் தெரியாது. யாரை வேணும்னாலும் தூக்கும் லா," என்றாய் பெருமையாக.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு நான் பஸ் பிடித்து உன் குவார்ட்டர்சுக்கு வந்துவிடுவேன். உன் மனைவி திரேசா காப்பியை வைத்துவிட்டு அலுத்துக்கொள்வாள். "ரெண்டு கிழவனுங்களும் பொம்மை வீடு விளையாடுறீங்க. பொம்மையாச்சும் இருக்கா? வெறும் எழுத்து."

நீ மூன்றாம் வீடு. நான் ஏழு. என் வீட்டில் ஐந்து பேர். புருசன், பெண்டாட்டி, ஒரு கிழவர், ஒரு பையன், ஒரு சின்னப் பெண். பெயர் கேட்டு இயந்திரம் நின்றபோது நாலு பெயரை யோசித்து அடித்தேன். ஐந்தாவதற்கு நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக ரோசி என்று அடித்துவிட்டது. நீ திரையைப் பார்த்தாய். திரேசாவைக் கூப்பிட்டு இன்னொரு காப்பி கேட்டாய்.

ரோசியைப் பற்றி நமக்குள் பேச்சு கிடையாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த என் மகள். எழுபத்து நாலில் என் மனைவி மேரி அவளைத் தன் தாய்வீட்டுக்கு, உன் தோட்டத்துக்கு, அழைத்துப் போயிருந்தாள். என் ஆபீசுக்குத் தந்தி வந்தது. ரோசி சீரியஸ், உடனே புறப்படு. சுங்கைப் பட்டாணியில் அடுத்த பஸ்ஸுக்கு அரைமணி இருந்தது. காய்ச்சல் வாய்க்கு நன்றாக இருக்குமே என்று ஆறு ஆரஞ்சு வாங்கினேன். பையோடு லயத்துக்குள் நுழைந்தபோது வாசலில் சாவுக்கு நாற்காலி போட்டாகிவிட்டது.

அந்தத் தந்தியை எழுதியவன் நீ. தோட்டத்தில் எல்லாத் தந்தியும் உன் கையால்தான் போகும். அந்த வழக்கத்தைப் பார்த்து நீயே எத்தனை தடவை சிரித்திருக்கிறாய். "நம்ம சனம் இருக்கே, செத்தவனையும் ரெண்டு நாள் சீரியஸா வச்சிருக்கும். அப்புறம்தான் விடும்." சிரித்தவன்தான் எனக்கும் அதே சொல்லை எழுதினாய். அந்த ஆரஞ்சுக்காக நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் வேலைக்குப் போகாமல் கிடந்தபோது, ஒவ்வொரு வாரமும் வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டவனும் நீதான். எப்படிக் கேட்பேன்?

விளையாட்டுக்கு வருகிறேன். பதினாலு மாதம் ஆடினோம். உன் மூன்றாம் வீட்டில் யாராவது செத்துக்கொண்டே இருந்தார்கள். உன் மண்டோரைப் பாம்பு கடித்தது. அவன் பெண்டாட்டி பிரசவத்தில் போனாள். நீ தொடையில் தட்டி, "அடுத்த ஆளு," என்பாய். என் ஏழாம் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. எனக்கு அது என் முறையால் வந்தது என்று நினைப்பு. எந்த மழைக்குப் பிறகு காய்ச்சல் வருகிறது, எத்தனை நாள் மருந்து தர வேண்டும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த நோட்டைப் படிப்பேன். வாழ்க்கையில் நான் எதையும் நன்றாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்றில் நினைத்தேன். ஆபீசில் ஒரு பையனிடம்கூடச் சொன்னேன், எனக்குக் கை கூடி வந்திருக்கிறது என்று.

நாடா ஈரத்தில் கெட்டுப்போகும், நிரலைக் காகிதத்தில் எழுதி வைப்போம் என்று சொன்னவன் நான். "எழுதிக்கோ, ஒன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்," என்று நீ அனுமதி தந்தாய். வரைபடக்காரனை நகல் எடுக்கச் சொன்னால் அவன் ஒவ்வொரு வரியையும் படிப்பான் என்று உனக்குத் தோன்றவில்லை. நகலெடுக்கத் தொடங்கிய நாலாவது ஞாயிறு, நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். நான் அறுநூற்று நாற்பதாம் வரிக்கு வந்தேன். வீடு ஏழு என்றால் எழுநூறாம் வரிக்குத் தாவு என்று இருந்தது. நடுவில் தாண்டப்பட்ட வரிகள்தான் சாவு.

துண்டோடு நீ வந்து நின்றாய். நான் திரையைக் காட்டினேன்.

"ஓ, பாத்துட்டியா."

"இது எப்பயிலருந்து?"

"மொத நாள்லருந்து. நீ அந்தப் பேரை அடிச்ச பாரு, அன்னிக்கு ராத்திரியே போட்டுட்டேன்." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். "வெளையாட்டுதானே லா. இதுல போயி நீ ஏன் அழணும்?"

"அப்ப என் நோட்டு?"

நீ சிரித்தாய். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் சிரித்தாய். "நோட்டும் நல்லாத்தான் இருக்கு," என்றாய்.

நான் கத்தினேன். என்னைக் குழந்தை மாதிரி நடத்த நீ யார் என்று கேட்டேன். நோட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நீ ஒரு கடிதம் போடுவாய், அல்லது வாசலில் வந்து நிற்பாய் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் சமாதானத்துக்கு வருகிறவன் நீதான். எட்டு மாதம் நீ வரவில்லை.

பிறகு ஆபீசுக்கு போன் வந்தது. திரேசாவின் தம்பி பேசினான். "அண்ணே, மச்சானுக்கு சீரியஸ். ஒடனே கெளம்பி வாங்க."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவனா நான்? ஆனாலும் பஸ் முழுக்க உன்னிடம் என்ன பேசுவது என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். முதலில் நீ மன்னிப்புக் கேள், பிறகு நான் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, கோலா கெத்தில் வருவதற்குள் நானே முதலில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். உன்னைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, கழுத்து சிறுத்து, எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"வயித்துல கட்டிண்ணே," என்றாள் திரேசா. "எட்டு மாசமா. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. அவன் தாங்கமாட்டான், கோவத்துல இருக்கான், அப்படியே இருக்கட்டும், நல்லதாப் போச்சுன்னாரு."

எல்லாரிடமும். என் கூட வந்திருந்த மேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் கோபத்தையே நீ திரையாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் செத்துப்போயிருக்கிறாய்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு திரேசா கம்ப்யூட்டரையும் நாடாக்களையும் ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் தந்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூன்று வருடம் தொடவில்லை. ஓய்வு பெற்றபின் பகல் முழுக்கச் சும்மா இருந்தும் தொடவில்லை. யாரும் சாகாத வீட்டில் என்ன விளையாட்டு? சோறு போட்டாலும் பிழைப்பார்கள், போடாவிட்டாலும் பிழைப்பார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ரத்தம் சோதிக்கப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "கூட யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். மேரியை உள்ளே கூப்பிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார். வரும்போது அவள் முகம் சரியில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னாள். எனக்குச் சர்க்கரையாம். சர்க்கரை. இந்த வட்டாரத்தில் பாதிப்பேருக்கு இருப்பது. அதைக்கூட என் முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை.

அன்றைக்கே பெட்டியை இழுத்துத் திறந்தேன். நாடாவை ஏற்றி முதலில் அறுநூற்று நாற்பதாம் வரியைத்தான் பார்த்தேன். நான் அத்தனை கத்திய பிறகாவது எடுத்திருப்பாய் என்று நினைத்தேன். அது இருந்தது. வரியின் எண்ணை மட்டும் அடித்து விசையைத் தட்டினால் வரி போய்விடும் என்று சொல்லித் தந்தவன் நீ. தட்டினேன். போய்விட்டது.

பயமாகத்தான் இருந்தது. முதல் வாரம் ஒவ்வொரு நாளுக்கும் விசையைத் தட்டுமுன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கிழவருக்கு இருமல் வந்தபோது மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று நடந்தது. மறுநாள் விடிந்ததும் எனக்கு அந்த வீட்டு ஞாபகம் வந்தது. அவர் எப்படி இருக்கிறாரோ என்று பல் துலக்கும்போதே நினைத்தேன். பதினாலு மாதம் உன்னோடு ஆடியபோது அப்படி நினைத்ததில்லை. புதிதாக ஒரு நோட்டுப் போட்டேன்.

இன்று காலை ரோசிக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள். மருந்து கொடுத்தேன். வேலைக்குப் போன தாயை வீட்டில் நிறுத்தினேன். நோட்டில் இருந்த எல்லாவற்றையும் செய்தேன். விசையைத் தட்டினேன். அவள் பெயருக்கு எதிரே, உன் மூன்றாம் வீட்டில் அடிக்கடி பார்த்த அந்த மலாய்ச் சொல் வந்து நின்றது.

சமையல்கட்டிலிருந்து மேரி குரல் கொடுத்தாள். "என்ன, சத்தத்தையே காணோம்?"

"ரோசி செத்துட்டா," என்றேன்.

பதினைந்து வருடமாக நாங்கள் இருவரும் அந்த வினைச்சொல்லை அவள் பெயரோடு சேர்த்ததில்லை. போய்ட்டா என்போம், இல்லாட்டி பேச்சை மாற்றுவோம். மேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். என்னைத் திட்டுவாள், டிவியை அணைப்பாள் என்று காத்திருந்தேன். என் தோளில் கையை வைத்து அழுதாள். நானும் அழுதேன். ஒரே அறையில், ஒரே நேரத்தில். பதினைந்து வருடமாக ஒருவர் காதில் விழாமல்தான் ஒருவர் அழுதிருக்கிறோம்.

பிறகு கேட்டாள். "மத்தவங்க?"

"நாலு பேர் இருக்காங்க."

"அரிசி?"

"பதினோரு நாளைக்கு வரும்."

"அப்ப ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க? தட்டுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டினேன்.

நான் தாங்கிக்கொண்டேன் என்று உன்னிடம் பெருமை பேச வரவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. நீ கணித்தது சரியாகவும் இருக்கலாம். உன் நோவைச் சொல்லியிருந்தால் நான் நொறுங்கியிருப்பேன், உன்னைப் பார்த்துக்கொள்வதோடு என்னையும் நீ பார்த்துக்கொள்ள வேண்டி வந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்திருப்பேன். அழுதுகொண்டாவது வந்திருப்பேன். எட்டு மாதத்துக்கு முப்பத்து நாலு ஞாயிறு. நாட்காட்டியை வைத்து எண்ணிவிட்டேன். அவை உனக்கு மட்டும் சொந்தமில்லை. என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாய். அதை நான் மன்னிக்கவில்லை. நாளைக் காலை மேரி என்னோடு உட்காருகிறாள், ஏழாம் வீட்டில் நாலு பேருக்கு அரிசி போட வேண்டும்.