வாய் திறக்காத நெசவாளர்

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் கண்டு பயந்துவிடாதே. போனில் பேசினால் ஹாஸ்டலில் எல்லோருக்கும் கேட்கும். நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா?

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில், என் வார்டில் இருந்த காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. அவர் முனகவேயில்லை. போர்வைக்குள் கால்கள் மட்டும் தறி மிதிப்பதுபோல அசைந்தன. வலி ஊசி போடலாமா என்று கேட்டேன்.

“தறிக்காரங்க தாங்குவாங்கம்மா. கத்துறவங்களுக்கு முதல்ல போடு” என்றார் சீனியர் சிஸ்டர்.

டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட்டேன்.

“ஷாரோனுக்கு ரொம்பத்தான் இரக்கம்! போய் பெட்ஷீட் மடிம்மா” என்று சிஸ்டர் என்னை வார்டிலிருந்து துணி அறைக்கு மாற்றிவிட்டார். சிரிப்புதான் வந்தது. வேலையை விடவும் முடியாது, சர்டிபிகேட் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இருக்கிறது.

நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. டியூட்டிக்கு நேரமாகிறது.

அம்மா, அடுத்த மாதம் உன் ஆபரேஷனுக்கு இங்கே வரும்போது நான் வார்டில் இருக்கமாட்டேன். வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. வலித்தால் கத்திவிடும்மா.