லைனர் விரித்த வாரம்

மார்ச் 12, 1988. சனி. கிள்ளான்.

காலையிலேயே கொதிக்கிற வெயில். துணி இரண்டு வாளி, பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது.

தம்பி ராஜு லோரியில் நீச்சல் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பங்சாரில் குடியிருந்து, இப்போது சொந்த ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பம் கொடுத்தது. பள்ளம் தோண்ட வேண்டாம், தரைமேலேயே நிற்கிற வகை. சுருட்டி வைத்த தகரச் சுவர், நெஞ்சளவு உயரம். உள்ளே விரிக்கிற பிளாஸ்டிக் பழசு, கிழிந்துவிட்டதாம். புதுசு தனிப் பெட்டியில் இருக்கிறது. லைனர் என்று பெயர். நல்ல நீலம், அரிசி மூட்டைக் கனம்.

"அக்கா, ரெண்டு நாள்ல மாமாவ தண்ணியில எறக்கிடலாம் லா," என்றான். மாமா, அதாவது என் வீட்டுக்காரர், பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

லோரியிலிருந்து விழுந்த பிறகு இவருக்கு இடது பாதத்தில் உணர்ச்சியே இல்லை. தினம் தண்ணீரில் நடக்கட்டும், உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பொதுக் குளத்துக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "இந்தக் கால வச்சிக்கிட்டு, தொட தெரிய கட்ட சிலுவார் போட்டுக்கிட்டு, ஊரு பாக்க நிக்கவா?" சரி, குளமே வீட்டுக்கு வந்தாச்சு. இனி என்ன சாக்கு சொல்கிறார் பார்ப்போம்.

மார்ச் 13. ஞாயிறு.

பள்ளி விடுமுறை, நல்ல வேளை. நான் திருத்த வேண்டிய கட்டுரை நோட்டு ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது.

காலையில் இவர் பாதம் சிவந்து தடித்திருந்தது. எறும்புக்கடி. வரிசையாகக் கடித்திருக்கிறது, மனுஷனுக்குத் தெரியவே இல்லை. மருந்து தடவினேன். அதுவும் தெரியவில்லை. சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். வெங்காயம் தேவையே இல்லை.

பின்பக்கம் புல்லைச் செதுக்கி, சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே மணல் கொட்டினான் ராஜு. பெட்டியில் இருந்த தாளை நான்தான் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். முதல் வரியே: கூரான எதுவும் மணலில் இருக்கக் கூடாது. கல், வேர், ஆணி, எல்லாம் பொறுக்கியாச்சு. மணலை நனைத்து, பலகையால் தட்டி, சப்பாத்தி மாதிரி சமமாக்கி முடித்தான்.

முடித்த கையோடு, "புதுசா ஒன்னு ஆரம்பிக்கிறோம், சும்மாவா?" என்று நட்டநடுவில் ஒரு கல்லைப் போட்டு, தேங்காயைச் சிதற அடித்தான்.

சிதறியது. நன்றாகவே சிதறியது.

கற்பூரம் ஏற்றிக் கொடுத்தவள் நான். அதனால் முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. இவர்தான் நாற்காலியிலிருந்து, "நல்லா படிச்சிங்கடா ரெண்டு பேரும்," என்றார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார். அதற்காக இன்னொரு தேங்காய்கூட உடைக்கலாம்.

மார்ச் 14. திங்கள்.

முட்டி போட்டு மணலில் தேங்காய்ச் சில்லு தேடல். கிடைத்த சில்லை எல்லாம் ராஜு படிக்கட்டில் வைத்து முழுத் தேங்காயாக ஒட்டிப் பார்த்தான். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது. "காக்கா தூக்கியிருக்கும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மறுபடி மணல் தட்டல்.

லைனரை வெயிலில் போட்டு இளக வைத்து, வெறுங்காலோடு உள்ளே விரித்தோம். ஓரத்தைச் சுவர்மேல் மடித்துக் கிளிப் போட்டாச்சு. ஆனால் அடியெல்லாம் சுருக்கம். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், வீடு கூட்டுகிற வெக்கும் மிஷினோடு வந்தார். அதன் குழாயைச் சுவருக்கும் லைனருக்கும் நடுவில் விட்டு, இடுக்கை டேப்பால் அடைத்து, காற்றை உறிஞ்சினார். லைனர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. சுருக்கம் போன இடம் தெரியவில்லை. "பாகுஸ், பாகுஸ்," என்று தன்னையே மெச்சிக்கொண்டார். தப்பில்லை.

தண்ணீர் திறந்தாச்சு.

வாங்க: குளோரின். காப்பித்தூள். இவருக்குக் கட்டை சிலுவார், கறுப்பு.

மார்ச் 15. செவ்வாய்.

தண்ணீர் இடுப்பளவு. மத்தியானம் மழை, அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஊற்றியது. பின்பக்கம் ஒரு நீலம், பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

இவர் இறங்கவில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம். தொட்டே பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேப்பர்.

சாயங்காலம் தானாகவே சொன்னார்: "எறங்கியும் ஒன்னும் ஆவலன்னா என்னா பண்றது கமலா? இப்பயாச்சும், எறங்கலன்னு சொல்லிக்கலாம்." எனக்கும் அதே பயம்தான். பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்தேன். இரண்டு பேரும் தின்று தீர்த்தோம்.

மார்ச் 16. புதன்.

வெயில். தோசை. புது சிலுவார் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கழற்றிவிடுவார்.

ராஜு ஒரு பக்கம், லிம் அங்கிள் ஒரு பக்கம். ஏணியில் ஏற்றி உள்ளே இறக்கினார்கள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார், முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தை விட்டுவிட்டு, ராஜு தோளைப் பிடித்து நடுவில் நடந்தார். நின்றார்.

"டேய்! அடியில என்னாத்தடா விட்டு வச்ச? குத்துது!"

"எங்க மாமா?"

"இங்கதான்டா, காலுக்கு கீழ!"

"எந்தக் கால்?" என்றேன் நான்.

குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். நிமிரவே இல்லை. "எடது," என்றார்.

ராஜு முங்கித் தடவிவிட்டு எழுந்தான். லைனருக்கு அடியில் ஒரு மேடு, கட்டைவிரல் நகம் அளவு. காக்கா தூக்கவில்லை. நான் ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். விஷயம் புரியாத லிம் அங்கிள் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

லைனர் ஓட்டையாகிவிடும், தண்ணீரை இறக்கிவிட்டு எடுத்துவிடலாம் என்கிறான் ராஜு. கை வைத்துப் பார், அப்புறம் தெரியும் என்றேன். இவர் இன்னும் மேலே வரவில்லை. தள்ளித் தள்ளிப் போகிறார், திரும்பி வந்து அதே இடத்தில் மிதிக்கிறார், "ஸ்ஸ்" என்கிறார், மறுபடியும் போகிறார்.