தஞ்சோங் காராங்கைத் தாண்டிவிட்டது, மச்சான்

என் கணேசு மச்சானுக்கு, நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதாத கோபால் ஆசையோடு எழுதுவது.

உன் வண்டி ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் மற்றது எதையும் காதில் வாங்க மாட்டாய். தோட்டத்து வாசலிலிருந்து செகிஞ்சான் வரை ஒரு முறைகூட மூச்சு முட்டாமல் போனது.

நாம் அடித்த கூத்தைக் கேள். எண்பத்து மூன்றில் அந்தப் பழைய இரட்டை சிலிண்டர் வண்டியை வாங்கி, காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கார்புரேட்டர் வாயிலும் தனித்தனியாக வலை மாட்டினோமே, அந்த வலை எங்கிருந்து வந்தது? பால் ஸ்டோரில் கழித்துப் போட்ட வடிகட்டியிலிருந்து. வருஷக்கணக்காக ரப்பர் பால் வடிகட்டிய வலை. ஓரத்தில் கொஞ்சம் காய்ந்த பால் ஒட்டியிருந்தால் என்ன என்று நீ சொன்னாய். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி தலையாட்டினேன்.

கார்புரேட்டர் பின்பக்கமாகத் துப்புகிற பெட்ரோல் அந்த வலையில் பட்டிருக்கிறது. காய்ந்த பால் அதில் ஊறி, பசையாக உப்பி, துவாரங்களை அடைத்திருக்கிறது. காற்று இல்லாமல் வண்டி தஞ்சோங் காராங்கில் கரும்புகை கக்கி நிற்கும். தள்ளிக்கொண்டே திரும்புவோம். மறுநாளைக்குள் பெட்ரோல் காய்ந்து பசையும் சுருங்கிவிடும். வண்டி ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிளம்பும்.

நாமோ கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை மாற்றிக்கொண்டே இருந்தோம். பெரியது, சிறியது, மறுபடி பெரியது. வலையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன். "ஜெட்டுதான் சரியில்ல லா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்று கத்தினாய். நான் ஒரு வாரம் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த ஒரு வாரத்தை இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான், ஒரு நாள் வண்டி நின்ற சூட்டோடு வலையைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவன் நான், தினமும் விரலில் ஒட்டுகிற சாமான் அது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

புது வலை வாங்கி மாட்டி, இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாக இழுக்கும்வரை காதை வைத்துக் கேட்டுக் கேட்டு ஸ்குரூவைத் திருகினேன். செகிஞ்சானில் ஒரு பட்டறை வாசலில் நிறுத்தியபோது அதன் முதலாளி, சீனத் தவுக்கே, சத்தம் கேட்டு வெளியே வந்தார். குனிந்து பார்த்து, யார் செய்தது என்று மலாயில் கேட்டார். நாங்கள் இரண்டு பேர் என்றேன். மற்றவன் எங்கே என்றார். சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னை வேலைக்கு வரச் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது.

ஒரு ஆள்தான், மச்சான். நீ போனதும் லோரி டிரைவருக்கென்று கொடுத்த வீடும் போனது. தங்கச்சி சாந்தாவும் பாப்பாவும் இப்போது என் லயத்து வீட்டில் இருக்கிறார்கள். நான் போனாலும் அவர்கள் அங்கேயே இருக்கலாமா என்று தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நீ போறதா இருந்தா சாவிய குடுத்துட்டுப் போ கோபாலு. வேலைக்குத்தான் வீடு. ஆளுக்கு இல்ல."

அவரும் கெட்டவர் இல்லை. நான் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் நின்று பேர் கொடுக்கிற வரைதான் உன் பெண்டாட்டி பிள்ளைக்குக் கூரை. வரவில்லை என்று தவுக்கேயிடம் சொல்லிவிட முடிவு செய்தேன். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியும் சாந்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, நான் கிராணிகிட்ட பேர் குடுத்துட்டேன். திங்கக்கெழம பெரட்டுக்குப் போறேன். வீடு என் பேருக்கு மாறிடும். நீ கெளம்பு."

எனக்கு வந்த கோபத்தில், "ஒன் கையில பால் வெட்டுற கத்தியத் தரவே மாட்டேன்னு சொல்லித்தானே அவன் ஒன்னக் கட்டிக்கிட்டான்" என்று கத்திவிட்டேன்.

அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொன்னவரு இல்லையேண்ணே. நீயும் இங்கயே கெடந்தா, நாளைக்குப் பாப்பாவும் அந்தக் கத்தியத்தான் புடிக்கணும்."

இதற்கு நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

இன்று திங்கட்கிழமை. பாப்பாவை ஆயக் கொட்டகையில் விட்டுவிட்டு, என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சாந்தா பெரட்டில் நின்றாள். மண்டோர் என் பேரைக் கூப்பிடுகிற இடத்தில் அவள் பேரைக் கூப்பிட்டார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு வாசல்வரை போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன். அவள் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

சந்தோஷமா என்று மட்டும் கேட்காதே. செகிஞ்சானில் மூன்று பேருக்கு ஒரு வீடு பார்ப்பேன். அவள் கையிலிருந்து அந்தக் கத்தியை நானே வாங்கி வைப்பேன். அதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
கோபால்