நிழல் பார்த்து இறக்கியவன்

ஜூன் 3
எழுந்து உட்காரவே அரை மணி நேரம். நடக்க நடக்கத்தான் உடம்பு வழிக்கு வருகிறது. படுத்தால் மறுபடியும் மரக்கட்டை. இந்த முதுகு வலிக்கு எட்டு வருடமாகக் கிரேன் சீட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று பார்த்தேன். தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண். போன வருடம் நான்கு விரல்தான்.

ஜூன் 11
பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பு முழுக்க ஒரே மூங்கில் கழி.

"இது தேய்மானம் இல்லீங்க, ஒரு வகை வாதம். உடம்பே மூட்டுகள்ல அழற்சிய உண்டாக்கும். நாளாக ஆக எலும்போட எலும்பு ஒட்டிக்கும்."

நிமிருமா என்று கேட்டேன்.

"மேல வளையாம இருக்கப் பாக்கலாம். வளைஞ்சது வளைஞ்சதுதான்."

கிரேன் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 12
மனைவியிடம் "சத்துக் குறைச்சலாம்" என்றேன்.

ஜூன் 20
கேபினில் உட்கார்ந்தால் தரைதான் தெரிகிறது. மேலே தொங்கும் குழாய்க் கட்டைப் பார்க்க கழுத்து வராது. நிழலைப் பார்த்து இறக்குகிறேன். கட்டு இறங்க இறங்க நிழல் அதை நோக்கி வரும். இரண்டும் சேர்ந்தால் தரை தொட்டது. இதுவரை தவறவில்லை. மேனேஜர் "உன் கை தங்கம்யா" என்கிறார். தங்கம்தான், போங்கள்.

கீழே நின்று சைகை காட்டுவது என் மனைவியின் தம்பி. முழங்காலுக்கு மேலே அவன் எனக்குத் தெரிவதில்லை. "மாமா, நான் கை காட்டுறேன், நீங்க பாக்கவே மாட்டேங்கறீங்க." எனக்கே பாடமா மாப்ள என்று வாயை அடைத்துவிட்டேன். மடியில் கனம், வழியில் பயம்.

ஜூலை 6
வானம் மப்பு. வயிற்றைச் சொல்லி லீவு போட்டேன்.

ஜூலை 8
இன்றும் வெயில் இல்லை. இன்னொரு லீவு கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? என்ன ஏது என்று துருவுவார்கள், அவ்வளவுதானே? நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளை கையைத் தூக்கியிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. கட்டு அவன் வலது காலில் –

மூணு விரல் போச்சு. அவன் கத்துனது காதுலயே நிக்குது. நான் என்ன செஞ்சிட்டேன்.

ஜூலை 9
ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டு மாப்பிள்ளை மேனேஜரிடம் சொல்கிறான்: "நான்தான் சார் கால மாத்தி வச்சிட்டேன். மாமா மேல தப்பு இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. பிழைத்தோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா?

ஜூலை 13
எக்ஸ்ரேயை மேனேஜர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் உசுரே போயிருக்குமேய்யா" என்றார். கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார். இனி கேட்டில் லாரி நம்பர் எழுத வேண்டும். அதுவே கருணை.

வீட்டிலும் சொன்னேன். "ஜூன்லயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

ஆகஸ்ட் 2
மனைவி என்னோடு பேசி இருபது நாளாயிற்று. ஊசி போடுகிறார்கள். வலி குறைகிறது. வளைவு அப்படியே.

ஆகஸ்ட் 19
மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் மனைவி அவன் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டு, கை கழுவி வந்து, என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். குனிந்து சாக்ஸ் போட என்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டு, அழுத முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தலையைத் திருப்ப முடிந்திருந்தால் திருப்பியிருப்பேன்.