சேங்கொட்டைக் குறி

ஜூன் 3, திங்கள்
அவர் பின்கழுத்தில் மறுபடியும் கொப்புளம். போன மாதமும் இதே இடம்தான். சோப்பை மாற்று, பவுடரை மாற்று என்று என்னைப் பிடுங்குகிறார். எது வந்தாலும் நான்தான் காரணம்.

ஜூன் 7
மந்தைவெளியில் தோல் டாக்டரிடம் போனோம். சட்டைக் காலரைத் திருப்பினார். உள்பக்கம் கறுப்பாக இரண்டு புள்ளி, ஒரு கோடு. "டோபி மார்க். சேங்கொட்டைப் பால் சில பேருக்கு ஒத்துக்காது" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. இருபத்தாறு வருஷம் கல்லூரியில் தாவரவியல் எடுத்தவள். காட்டுமரம், தொட்டாலே சிலருக்கு அரிக்கும், கொட்டையைச் சுத்தி செய்தால் லேகியம், பாலில் சுண்ணாம்பு சேர்த்தால் துணியில் அழியாத குறி — மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். கட்டியவர் கழுத்தில் வந்தபோது தெரியவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வாஷிங் மெஷின். இதை வெளுத்தது யார்?

ஜூன் 8
கேட்டேன். "கடையிலேயே இருந்திருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். பீரோவைக் குடைந்தேன். நாலு சட்டையில் அதே குறி. வியாழக்கிழமைதோறும் அடையாறுக்குச் சீட்டாடப் போகிறாரே, அதற்குப் போடுகிற சட்டைகள். எல்லாம் வெள்ளை. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் இன்னொன்றில் வந்தால் எனக்கு எங்கே தெரியும்? அறுபத்தெட்டு வயதில் யாராவது ஒருத்தியா?

ஜூன் 10
எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 12
ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வண்ணாந்துறைக்கே போனேன். அடையாறு பக்கம் துணி வெளுக்கிறவர்கள் அங்கேதான். வெள்ளைத்துரை என்பவர் குறியைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"இது காஷிஃப் சார் வூட்டு குறிம்மா. அவரு மாமனார் சட்டை. வியாயக்கெழம வந்து மாத்திக்கினு போவாரு. வூட்டுக்கு ஒரு குறிதான்."

காஷிஃப். என் மாப்பிள்ளை. அனன்யா அவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்று, இந்த ஆத்தில் இனிமேல் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றது யார்? இவர்தானே? நாலு வருஷம் வாயை மூடிண்டு இருந்தேனே — அவள் போன் வந்தால் எடுக்காமல், பாத்ரூமில் போய் அழுதுண்டு. மனுஷனா இவர்?

கிளம்பும்போது வெள்ளைத்துரை இன்னொன்றும் சொன்னார். "கொயந்த துணிக்கு மட்டும் குறி வெக்கறதில்லம்மா. தோலு வெந்துடும்."

பெற்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததைத் துணி வெளுப்பவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 13, வியாழன்
அவர் சாயங்காலம்தான் கிளம்புவார். நான் காலையிலேயே போனேன். விலாசம் வெள்ளைத்துரை கொடுத்தது. கதவைத் திறந்த அனன்யா வழிவிடவில்லை.

"இப்பதான் மனசு வந்துதாம்மா? 'அவ உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறா, நான்தான் அவளுக்குத் தெரியாம வந்துண்டிருக்கேன்'னு அப்பா வரச்சே எல்லாம் சொல்லுவாரே."

போனை எடுக்காதவள் நான்தானே.

அவள் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. சிம்ராவாம். இரண்டு வயது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டது, "தாத்தா வல்லியா?"